கதையே இல்லாத படம்

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் போட்ட படத்தில் யாருமே சாகவில்லை. தாய்க்கு இருமல் இல்லை, தங்கைக்குக் கண் நன்றாகத் தெரிந்தது, வில்லன் என்று ஒருத்தன் கடைசிவரை தலையைக் காட்டவே இல்லை. ஒரு மாடிக் குடியிருப்பில் எதிரெதிர் வீட்டில் இருந்த ஓர் ஆணும் பெண்ணும், பால் பை மாறிப்போனதற்காக ஒரு மாதம் சண்டை போட்டார்கள். அவ்வளவுதான் படம்.

"என்னலா இது, கதையே இல்லாத படத்தப் போய் எடுத்துட்டு வந்திருக்காரு" என்று இருளப்பக் கங்காணி எழுந்து துண்டை உதறினார். அவர் எழுந்ததும் அவருடைய பிரட்டில், அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களும் எழுந்தார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வராத அழுகையை நினைத்து ஏமாந்தவர்களாக வெளியேறினார்கள். வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களில் கட்டியிருந்த கம்பளிகளை ஒருவர் போகிற போக்கில் இழுத்துவிட, தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் மலையின் வெள்ளை வெளிச்சம் வந்து விழுந்தது. அந்த வெளிச்சத்தில் கதாநாயகியின் முகம் பாதிதான் தெரிந்தது.

மேவிஸ் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மீதியைப் பார்த்தாள்.

மலேசியாவின் கேமரன் மலையில், கோலா தெர்லாவுக்கு மேலே, காய்கறித் தோட்டங்கள் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த எஸ்டேட். எண்பத்து நாலாம் வருஷம் இளைஞர் மன்றம் வீடியோ டெக் வாங்கியது. அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, மண்டபத்தில் மேசை மேல் உட்கார வைத்தார்கள். எஸ்டேட் லோரி ஓட்டும் வேலப்பன் சனிக்கிழமை பிரிஞ்சாங் போகும்போது சிவசாமியின் கேசட் கடையில் ஒரு படம் எடுத்து வருவார். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் போடுவார்கள். இதுதான் ஏற்பாடு.

பால் பைக்காகச் சண்டை போட்டவர்கள் கடைசியில் ஒரே குடைக்குள் நின்றார்கள். அந்த ஆள் ஏதோ சொல்லப்போய்த் தும்மிவிட்டான். மேவிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்த அதே நேரத்தில் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில், டெக்கை அணைத்துப் பூட்டுவதற்காகக் காத்திருந்த வேலப்பன்.

"நீங்க போகலியா தங்கச்சி?" என்றார் அவர், சிரித்தது தெரிந்துவிட்ட கூச்சத்தில்.

"நல்லாத்தான அண்ணே இருக்கு படம்."

"எனக்குந்தான் நல்லாருந்துச்சு. வெளியில சொல்லிராதீங்க. கடைக்காரன் கேசட்ட மாத்திக் குடுத்துட்டான்னு சொல்லி வச்சிருக்கேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது.

மேவிஸுக்கு அப்போது முப்பத்தேழு வயது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் வேலை. எஸ்டேட்டில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த பையன்களில் பாதிப் பேருக்குப் பால் ஆற்றிக் கொடுத்தது அவள் கைதான். அண்ணன் மைக்கல் தேயிலை ஆலையில் கணக்கெழுதும் கிராணி. அண்ணி டோரீன் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருந்தாள். வீட்டையும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது மேவிஸ்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். அப்பா போன பிறகு மைக்கலின் கல்யாணம் வந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகள் வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் பேச்சை எடுக்கவில்லை. வேண்டுமென்று யாரும் செய்ததில்லை; பேசாமலே விட்டதில் அப்படியே ஆகிவிட்டது. மாதாகோயிலில் எல்லோரும் அவளை 'சிஸ்டர்' என்றார்கள். தொழிலாளர் லயத்தில் ஆண்கள் 'தங்கச்சி' என்றார்கள். இரண்டும் மரியாதைதான். இரண்டுமே அவளுக்கு முன்னால் மெதுவாகச் சாத்தப்படுகிற கதவு மாதிரி இருக்கும் சில நாள்.

அந்த மாதிரிப் படங்கள் தனக்கு ஏன் பிடிக்கின்றன என்று அவள் யோசித்துப் பார்த்ததுண்டு. அவற்றில் வருகிறவர்கள் பெரிய அழகர்களாக இல்லை. பஸ்ஸைத் தவற விட்டார்கள், ஆபீஸில் திட்டு வாங்கினார்கள், டெலிபோனைப் பட்டென்று வைத்துவிட்டு அது மறுபடி அடிக்குமா என்று பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பேசிக்கொண்டே இருந்தார்கள். ஏன் இன்றைக்கு உன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது, நேற்று நான் சொன்னதை நீ ஏன் அப்படி எடுத்துக்கொண்டாய் என்றெல்லாம் ஒருவரை ஒருவர் கேட்டார்கள். மேவிஸின் வீட்டில் உப்பு இருக்கிறதா, துணி காய்ந்ததா, பிள்ளை சாப்பிட்டானா என்பதைத் தாண்டிப் பேச்சு போனதில்லை. அவளைத் திட்டியவர்கள் உண்டு, பாராட்டியவர்கள் உண்டு. அவளோடு சண்டை போட்டவர் என்று யாரும் இல்லை. சண்டை போட எதிரே சமமாக ஒருவர் வந்து நிற்க வேண்டுமே.

கேசட் மாறிப்போன கதையை வேலப்பன் ஒரு தடவைதான் சொல்ல முடிந்தது. இரண்டாவது தடவை அவர் ஒரு தந்திரம் செய்தார். இரண்டு படங்களாக எடுத்து வந்தார். முதலில் கத்திச் சண்டையும் கோயில் மணியும் உள்ள படம். அது முடிந்து ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்ததும், "இருக்குறவங்க இருங்க, சின்னப் படம் ஒண்ணு இருக்கு" என்பார். யாராவது ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களில் நிச்சயமாக மேவிஸ் இருப்பாள். அவருடைய மகள் ஜெயா மேவிஸின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

ஜெயாவுக்குத் தாய் இல்லை. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா காய்ச்சலில் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகும் அவளைத் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டவள் மேவிஸ். அப்பா 'தங்கச்சி' என்று கூப்பிடுவதால் ஜெயாவுக்கு அவள் அத்தை. "மேவிஸ் அத்தை, மேவிஸ் அத்தை" என்று நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவாள்.

மத்தியானம் கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லோரி ஆயாக் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்பெல்லாம் வேலப்பன் ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விடுவார். இப்போது ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற அங்கே நிறுத்தினார். கேமரன் மலைக் குளிரில் அந்த லோரிக்கு அவ்வளவு தாகம் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு செஞ்சது சரியா சொல்லுங்க" என்பார், வாளியோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு. "கல்யாணம் ஆனத ஆபீஸ்ல மறைச்சிட்டா. புருசன் வந்து நிக்கிறான், யாருன்னே தெரியாதுங்கிறா. அவன் மனசு என்னாவும்?"

"வேல போயிரும்னு பயந்தா அண்ணே அவ. அவனுக்கு அது தெரியாதா? புரிஞ்சிக்க வேணாமா?"

"புரிஞ்சிக்கிட்டான். புரிஞ்சாலும் வலிக்கும்லா."

அவள் குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே அதை யோசிப்பாள். மறுநாள் லோரி வரும்போது பதில் தயாராக இருக்கும். இதுவரை வாழ்ந்ததில் அப்படி ஒரு மறுநாளுக்காக அவள் எதையும் தயார் செய்து வைத்ததில்லை.

ஒரு வருஷம் இப்படிப் போனது. மழைக்காலத்தில் ஒரு நாள், சாலையில் மண் சரிந்து லோரி இரண்டு நாளாக வரவில்லை. மூன்றாம் நாள் வந்து நின்றது. வேலப்பன் இறங்கி வாளியை எடுக்காமல் நேராக வேலிக்கு வந்தார்.

"காய்ச்சல்னு சொன்னாங்களே. இப்ப எப்பிடி இருக்கு?"

"இருக்கேன். சளிதான்."

"மழைல நனையாதீங்க" என்றார். திரும்பி லோரியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

லோரி வளைவில் மறைந்த பிறகுதான் மேவிஸுக்கு உறைத்தது. அவர் 'தங்கச்சி' என்று சொல்லவில்லை. முந்தின வாரமும் சொன்னாரா? யோசித்துப் பார்த்தாள். "இந்தாங்க" என்றார், "கேட்டீங்களா" என்றார், "பாத்தீங்களா" என்றார். அந்தச் சொல் மட்டும் எங்கேயும் இல்லை. எப்போது அதைக் கைவிட்டார் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மண்டபத்தில், சாலையில், மற்றவர்கள் முன்னால்கூட அவர் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார்.

அன்று கஞ்சி ஊட்டும்போது ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை ஊட்டினாள். படங்களில் இதற்கு ஒரு பாட்டு வைப்பார்கள், பூங்கா வைப்பார்கள். இங்கே ஓர் ஆள் ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். மறுநாள் லோரி வந்தபோது அவளும் 'அண்ணே' என்பதை விழுங்கிவிட்டு, "வாங்க" என்றாள். அவர் ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தார். பிறகு ரேடியேட்டரைத் திறந்து, நிறைந்து வழிகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றினார்.

அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. இரண்டு பேரும் படங்களைப் பற்றியே பேசினார்கள். ஆனால் மேவிஸ் காலையில் தலை சீவும்போது கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பின்வரிசையில் அந்தச் சிரிப்பு கேட்கிறதா என்று பார்த்துத்தான் தானும் சிரித்தாள். சில நாள் அவர் சிரிக்கமாட்டார். அன்றைக்கு அவளுக்குப் படம் முழுவதும் வீணாகிப்போகும்.

அந்த வருஷக் கடைசியில் ஜெயாவுக்குச் சம்பந்தம் வந்தது. கம்போங் ராஜாவில் காய்கறி வியாபாரம் செய்யும் குடும்பம். மாப்பிள்ளை பழனியப்பன் நல்ல பையன், ஜெயாவை மாரியம்மன் திருவிழாவில் பார்த்துவிட்டு அவனே வீட்டில் சொல்லிப் பெண் கேட்டு வந்தான். அவனுடைய தாய் வேலாயி மட்டும் எல்லாவற்றிலும் முறை பார்க்கிறவள்.

"பொண்ணுக்கு நலங்கு வைக்க அத்த யாரு?" என்று அவள் முதல் நாளே கேட்டாள்.

வேலப்பனுக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான். அவள் குடியுரிமை அடையாளக் கார்டு கிடைக்காத பிரச்சினையில் எழுபதாம் வருஷம் புருஷனோடு கப்பலேறி நாகப்பட்டினம் போனவள். பிறகு தகவல் இல்லை. வேலப்பன் பதில் சொல்வதற்குள் ஜெயா சொன்னாள்: "மேவிஸ் அத்தை இருக்காங்க."

"வேதக்காரங்களா?" என்று வேலாயி இழுத்தாள்.

"எங்கம்மா போனப்பறம் எனக்கு எல்லாம் அவங்கதான். அவங்கதான் வைக்கணும்." ஜெயா அப்படிப் பிடிவாதம் பிடித்து யாரும் பார்த்ததில்லை. வேலாயி யோசித்துவிட்டு, பெண்ணுடைய ஆசை என்றால் ஆகட்டும் என்றாள். லயமே மகிழ்ந்துபோனது. இருளப்பக் கங்காணி, "கூடப்பொறந்தாதான் தங்கச்சியா? பாருங்க, மேவிஸுதான் வேலப்பனுக்குத் தங்கச்சி" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார்.

ஜெயா ஓடிவந்து மேவிஸிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அடுப்படியில் இருந்தாள். பெண் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "நீங்கதான் அத்தை மணையில உக்கார வச்சு, சந்தனம் பூசி, பொடவை குடுத்துக் கூட்டிட்டு வரணும். எல்லாரும் பாக்கணும்."

மேவிஸ் அவள் தலையைத் தடவினாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போனாள் என்று ஜெயா நினைத்துக்கொண்டாள்.

ஊர் முன்னால் ஒரு தடவை அத்தை முறை செய்துவிட்டால் பிறகு அவள் வேலப்பனுக்குத் தங்கச்சிதான். அதை இனி எந்தக் காலத்திலும் மாற்ற முடியாது. செய்யவில்லை என்றால் தான் வளர்த்த பெண்ணின் மனம் உடையும். படமாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு தடியன் மாமா வருவார்; ஆள் மாறாட்டம் நடக்கும்; மண்டபமே விழுந்து விழுந்து சிரிக்கும்; கடைசியில் எல்லாம் தானாகச் சரியாகும். மேவிஸ் நாலு நாள் காத்திருந்தாள். லோரி நிற்காமல் போனது. ஹார்ன்கூட இல்லை. அவர் கண்ணில் படாமல் ஓடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் மேல் கோபமில்லை, பதிலில்லாமல் ஓடுகிறார்.

ஐந்தாம் நாள் அவள் பிள்ளைகளை உதவிக்கு இருந்த சாரதாவிடம் விட்டுவிட்டு, கொட்டகையை விட்டிறங்கிச் சாலையோரத்தில் போய் நின்றாள். மத்தியானமாகியும் பனி முழுதும் விலகவில்லை. மேட்டில் பெண்கள் கூடையோடு நிரையில் நின்றிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற இடம்தான். லோரி வந்தது. அவள் நகரவில்லை. நின்றது.

வேலப்பன் இஞ்சினை அணைக்காமலே இறங்கினார். அவர் முகம் தூங்காத முகமாக இருந்தது.

"ஜெயா சொன்னாளா?" என்றார்.

"சொன்னா."

"பாவம் புள்ள. ரொம்ப ஆசப்படுது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் லோரியின் மட்கார்டில் இருந்த சேற்றைக் கட்டைவிரலால் சுரண்டினார். "நா என்ன சொல்ல. எல்லாரும் சொல்றாங்க."

"நா ஒண்ணு கேக்குறேன்" என்றாள் மேவிஸ். "நீங்க என்னத் தங்கச்சின்னு கூப்புட்டு எவ்ளோ நாளாச்சு?"

சுரண்டிய விரல் நின்றது. லோரி உறுமிக்கொண்டே இருந்தது. மேட்டில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"ரொம்ப நாளாச்சு" என்றார் வேலப்பன்.

"அப்புறம் நா எப்பிடி அத்தயாவேன்?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா என்று வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது.

அன்று மாலையே ஜெயாவிடம் போய்ச் சொன்னாள். தன்னால் முடியாது, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. "பாதர் வேணாம்னாரா?" என்றாள் ஜெயா. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று மேவிஸ் விட்டுவிட்டாள். மாரியம்மன் கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக் கொடுத்தவள் அவள். அப்போதெல்லாம் வராத பாதர் இப்போது எங்கிருந்து வந்தார் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றாமல் இருக்காது. ஜெயா அழவில்லை. "பரவால்ல அத்தை" என்றாள். அந்தப் பரவாயில்லை மேவிஸை வெகுநாள் குடைந்தது.

நலங்கைச் சாரதா வைத்தாள். கல்யாணத்தில் மேவிஸ் மூன்றாவது வரிசையில், டோரீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மணப்பெண் மேடைக்கு வரும்போது அவளைப் பார்த்தாள், பார்க்காதது போலப் போனாள். லயத்தில் ஒரு மாதம் அதே பேச்சு. வேதம் பெரிதாகப் போய்விட்டது என்றார்கள், கிராணி வீட்டுத் திமிர் என்றார்கள். மேவிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வேலப்பன் பந்தியில் இலை இலையாக வந்து விசாரித்தபோது அவள் இலைக்கு முன்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் பாயசம் போடச் சொல்லவா?" என்று கேட்டார். "போதும்" என்றாள். அந்தக் கல்யாணத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதம் ஓட்டினாள்.

சித்திரை பிறந்ததும், ஒரு ஞாயிறு காலை பூசை முடிந்து வந்த நேரத்தில், வேலப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மைக்கலின் வீட்டு வாசலில் வந்து நின்றார். மைக்கல் அவரை உட்கார வைத்தான். மேவிஸ் உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தாள். சுவர் பலகைச் சுவர்தான், எல்லாம் கேட்டது.

"சுத்தி வளச்சுப் பேசத் தெரியல கிராணியாரே. ஒங்க தங்கச்சிய எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"

மைக்கல் கோபப்படவில்லை. அவன் கோபப்படுகிறவன் இல்லை. "வேலப்பன், நீங்க ஞானஸ்நானம் எடுத்துக்குவீங்களா?" என்றான். பிறகு அவனே, "எடுத்துக்கிட்டா ஜெயா மாமியா வீட்ல சும்மா இருப்பாங்களா? இப்பத்தான் புள்ள போயிருக்கு" என்றான். மைக்கல் தொடர்ந்தான்: "ரெண்டு பேருக்கும் வயசு என்ன ஆச்சு. ஊரு சிரிக்கும்."

மேவிஸ் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "சிரிக்கட்டும்ணே" என்றாள். "அதுக்குத்தான ஞாயித்துக்கெழம ஹாலுக்கு வர்றாங்க."

மைக்கல் தங்கையை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். முடியாது என்று அவன் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றான். அந்தப் பார்க்கலாமிலேயே அந்த வருஷம் போனது.

ஜெயா விஷயம் தெரிந்து ஒரு நாள் ஆயாக் கொட்டகைக்கு வந்தாள். அப்பா சொல்லியிருந்தார். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். வந்து, கீழே பாயில் தூங்கும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் என்கிட்ட அன்னிக்கே சொல்லல? நா ஒங்கள எவ்ளோ திட்டினேன் மனசுக்குள்ள."

"என்னன்னு சொல்லுவேன் ஒங்கிட்ட?"

"அதுவும் சரிதான்." ஜெயா சிரிக்கப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. "மாமியாருக்கு இப்பத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிரும். கொழந்த பொறக்கட்டும். நானே அவங்ககிட்டப் பேசுறேன். அதுவரைக்கும் பொறுத்துக்குவீங்களா?"

பொறுப்பது மேவிஸுக்குப் புதிய வேலை இல்லை. ஆனால் முன்பு பொறுத்தபோது எதற்காக என்று தெரியாது. அந்தப் பிற்பகல் முழுவதும் ஜெயா அவளை அத்தை என்று கூப்பிடவில்லை. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்றே பேசிவிட்டுப் போனாள்.

பிறகு வேலப்பன்தான் அந்த யோசனையைச் சொன்னார். தாப்பாவில் தியேட்டரில் ஒரு படம் ஓடுகிறது, சண்டை இல்லாத படம், போகலாமா என்றார். டெக்கில் கோடு கோடாகத் தெரிகிற படமில்லை, பெரிய திரை. மேவிஸ் வீட்டில் பொய் சொல்லவில்லை. "தாப்பாவுக்குப் போறேன்" என்றாள். மைக்கல் பேப்பரை விலக்கவில்லை. டோரீன்தான் அவளைக் கதவுவரை கூட்டிவந்து, கம்பளிச் சட்டைக்கு மேல் காலரைச் சரிசெய்துவிட்டு, "சோறு நானே ஆக்கிக்கிறேன். நீ போய்ட்டு வா" என்றாள்.

பஸ்ஸில் அவள் முன்னால், அவர் பின்னால். தானா ராத்தாவில் மாறி, ரிங்லட் தாண்டி, வளைவு வளைவாக மலையிறங்கியது. இறங்க இறங்கக் குளிர் கழன்றது. தாப்பா வெயிலில் அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். தியேட்டரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அத்தனை வருஷத்தில் முதல் தடவை.

படத்தில் புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் வாடகை வீட்டில் சண்டை போட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று. தியேட்டர் முழுதும் சிரித்தது. இவர்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முழங்கை நாற்காலிக் கையில் இருந்தது, அவளுடையது அதிலிருந்து ஒரு விரல் தள்ளி இருந்தது. இரண்டு பேருக்கும் அதைத் தவிர வேறெதுவும் மனதில் ஏறவில்லை. இடைவேளை விளக்கெரிந்தபோது, ஏதோ பரீட்சை எழுதுகிறவர்கள் போல உட்கார்ந்திருப்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"படத்துல என்ன நடக்குது?" என்றார் வேலப்பன் மெதுவாக.

"எனக்கும் தெரியல" என்றாள். அதற்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது, படமில்லாத வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு.

படம் விட்டதும் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டார்கள். வேலப்பனுக்குப் படத்தின் முடிவு பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள், அவன் வந்து வாசலில் நின்றதும் உடனே திரும்பி வந்துவிட்டாளாம். அது நடக்கிற காரியமா என்றார்.

"அவன்தான் வந்து நின்னுட்டானே" என்றாள் மேவிஸ்.

"நின்னா போதுமா? ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டானா?"

"கேக்கணுமா? எல்லாத்தையும் வாயால சொல்லணுமா?"

"சொல்லணும். சொல்லாமக் கெட்டவன் நானு. எனக்குத் தெரியும். நீ சொல்றது படத்துக்குச் சரி."

நீ என்று வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள், காட்டிக்கொள்ளவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று மேலும் ஏறிப் பேசினாள். "எனக்கு அப்பிடித் தோணல. அவ ஒருத்தி அங்க ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருந்தாளே, யாருக்காக? அவன் வரணும்னுதான? வந்தப்பறம் என்ன வழக்கு?" அவர் மேசையைத் தட்டி மறுத்தார். தேநீர்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார், ஏதோ பழைய புருஷன் பெண்டாட்டி என்று நினைத்திருப்பார். தேநீர் ஆறிப்போனது. மேவிஸுக்குக் காது சூடாகி, கன்னம் சூடாகி, இந்த மனிதர் விட்டுக்கொடுத்துவிடக் கூடாதே என்றிருந்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

நாலு மணி பஸ்ஸில் கம்போங் ராஜா ஆட்கள் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள், வேலாயிக்குத் தெரிந்தவர்கள். வேலப்பன் பேசாமல் பின்னால் போய் உட்கார்ந்தார். மேவிஸ் முன்னால், ஜன்னலோரம். பஸ் மலையேறத் தொடங்கியது. காது அடைத்தது. மூங்கிலும் பெரணியும் ஜன்னலைத் தொட்டுக்கொண்டு போயின. கம்பளிச் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அவர்கள் பார்ப்பார்கள்.

ரிங்லட்டுக்குக் கீழே ஒரு வளைவில், அவர் சொன்னதற்குச் சரியான பதில் அவளுக்குத் தோன்றியது. மறுக்கவே முடியாத பதில். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று காலைக்கூட ஊன்றினாள். நாளைக்கு லோரி நிற்கும், ஆனால் வேலியருகே சாரதா இருப்பாள், இது அங்கே சொல்கிற பேச்சில்லை. அடுத்த மாதம் தாப்பாவில் வேறு படம் போடுவார்கள், அப்போதுதான். அதுவரைக்கும் மறந்துவிடாமலிருக்க, பஸ் மேலே மேலே ஏறுகிற நேரமெல்லாம் அந்தப் பதிலை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.